கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு புலி

நுழையும்முன்

விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் பிள்ளைகள் சிலர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பார்த்திருப்பர். மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் பிள்ளைகள் அந்நகரங்களின் அருங்காட்சியகங்களுக்குப் பள்ளிச் சுற்றுலாவாகச் சென்றிருப்பர். அங்கே கண்ணாடிப் பெட்டிகளுக்குள் அசையாமல் நிற்கும் விலங்குகளைச் சிலர் வியந்து பார்த்திருப்பர். பலர் பாராமலே கடந்திருப்பர். அவ்விலங்குகள் எவ்வாறு உருவாக்கப்படுகின்றன, ஒளிப்படக் கலைஞர்கள் அவற்றைத் தேடிச் சென்று படச்சுருளில் பதிவது ஏன், அப்பதிவால் விளையும் பயன் யாது என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

செத்த காலேஜும் உயிர் காலேஜும்

சென்னையின் முதியோர் எழும்பூர் அருங்காட்சியகத்தைத் தம் இளமையில் ‘செத்த காலேஜ்’ என்றே அழைத்தனர். உயிருள்ள விலங்குகள் இருந்த காட்சிசாலைக்கு ‘உயிர் காலேஜ்’ என்று பெயர். இவ்விரண்டு பெயர்களையும் சூட்டியவர் எவரோ ஓர் அறிஞர் அல்லர். வேடிக்கை பார்க்க வந்த எளிய மக்களே. ஆயினும் அப்பெயர்களில் ஓர் உண்மை உண்டு. அருங்காட்சியகம் 1851இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில்தான் தொடங்கப்பட்டது. பின்னரே எழும்பூருக்கு மாறியது. அதன் முதல் பொறுப்பாளரான எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர் 1855இல் அவ்வளாகத்திலேயே ஓர் உயிர்க்காட்சிசாலையையும் அமைத்தார். அக்காட்சிசாலை பிற்காலத்தில் மக்கள் பூங்காவுக்கும், 1985இல் வண்டலூருக்கும் இடம் பெயர்ந்தது. உயிருள்ளவையும் உயிரற்றவையும் ஒரு காலத்தில் ஒரே மதிலுக்குள் அண்டை வீட்டாராய் இருந்தன.

இறந்த விலங்கின் தோலைப் பதப்படுத்தி, உயிருள்ளது போன்ற வடிவில் நிறுத்துவதைத் தமிழில் ‘பாடம் செய்தல்’ என்பர். புகையிலையைப் பக்குவப்படுத்துவதையும் பாடம் செய்தல் என்பதே வழக்கு. ஒரு பொருள் கெடாமல் நீண்ட நாள் இருக்குமாறு அதைப் பக்குவம் செய்வதே இச்சொல்லின் பொருள். மாணவர் நாள்தோறும் படிக்கும் ‘பாடமும்’ ஒலியால் இதனோடு ஒத்த சொல்லே. பாடம் செய்யப்பட்ட விலங்கு, தன் முன் நிற்பவருக்குப் பாடம் கற்பிக்கவும் செய்கிறது என்பது இவ்வொப்புமைக்குப் பொருத்தமான செய்தியாகும்.

தோலுக்குள் இருப்பது என்ன?

கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் புலியின் உடலுக்குள் தசையும் குருதியும் இல்லை. வெளியே தெரியும் தோலும் மயிரும் மட்டுமே பெரும்பாலும் அதனுடையவை. கண்கள் கண்ணாடியால் ஆனவை. தொடக்க காலத்தில் தோலைத் தைத்து, அதனுள் வைக்கோலையும் பஞ்சையும் திணித்தனர். அவ்வாறு செய்யப்பட்ட விலங்குகள் மூட்டை போலப் பருத்தும் கால் வளைந்தும் காட்சியளித்தன. பூச்சிகள் தோலை அரித்ததனால் அவை நெடுநாள் நிலைக்கவும் இல்லை.

பூச்சி அரிப்பைத் தடுக்கும் வழியை 18ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த பெக்கோர் என்பவர் கண்டறிந்தார். ஆர்செனிக் என்னும் நஞ்சைச் சவர்க்காரத்தோடும் சூடத்தோடும் கலந்து தோலின் உட்புறம் பூசுவதே அவ்வழி. பல தலைமுறைகள் இம்முறை உலகெங்கும் பின்பற்றப்பட்டது. இதனாலேயே மிகப் பழைய பாடவிலங்குகளை வெறுங்கையால் தொடுதல் கூடாது என்று அருங்காட்சியகத்தார் எச்சரிக்கின்றனர். நூறாண்டுகள் கடந்தும் அந்நஞ்சு தோலில் தங்கியிருக்கக்கூடும்.

இக்கலையை உயர்த்தியவருள் அமெரிக்கரான கார்ல் ஏக்லி குறிப்பிடத்தக்கவர். அவர் விலங்கின் உடலை முதலில் நுணுக்கமாக அளந்துகொண்டார். பின்னர் அதன் தசைகள் புடைத்தும் சுருங்கியும் தோன்றுமாறு களிமண்ணால் சிலை வடித்தார். அச்சிலையிலிருந்து அச்செடுத்து, எடை குறைந்த உள்ளுரு ஒன்றைச் செய்து, அதன்மீது தோலைப் பொருத்தினார். திணித்தல் என்ற நிலையிலிருந்து சிற்பம் என்ற நிலைக்கு இத்தொழில் இவ்வாறு வளர்ந்தது.

ஏக்லியின் வாழ்வில் மற்றுமொரு சிறப்பும் உண்டு. காட்டு விலங்குகளின் விரைவான அசைவைப் பதிவு செய்வதற்கு அந்நாளைய திரைப்படக் கருவிகள் ஏற்றவையாக இல்லை. எனவே அவரே புதியதொரு கருவியை வடிவமைத்து 1915இல் காப்புரிமை பெற்றார். விலங்கை அசையாமல் நிறுத்தும் கலையில் வல்லவர், அசைவைப் படம் பிடிக்கும் கருவியையும் உருவாக்கினார் என்பது வியப்பூட்டும் செய்தி.

1921இல் அவர் அருங்காட்சியகத்துக்காக மலைக்கொரில்லாக்களைச் சுட்டுக் கொண்டுவர ஆப்பிரிக்காவுக்குச் சென்றார். கொன்ற விலங்குகளின் முகங்களை அருகில் கண்ட அவர் மனம் மாறியது. எஞ்சிய கொரில்லாக்களைக் காக்கவேண்டும் என்று வலியுறுத்தத் தொடங்கினார். அதன் பயனாக 1925இல் அங்கே ஒரு தேசியப் பூங்கா நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு மீண்டும் அம்மலைக்குச் சென்ற ஏக்லி அங்கேயே நோயுற்று இறந்தார். நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அவர் பெயரால் அமைந்த ஆப்பிரிக்கப் பாலூட்டிகள் மண்டபம், அவர் மறைவுக்குப் பின் 1936இல் திறக்கப்பட்டது.

அசையாத விலங்கும் ஒற்றைக் கண்ணும்

ஒளிப்படக் கலை தோன்றிய காலத்தில் ஒரு படம் பதிவதற்குப் பல நொடிகள் தேவைப்பட்டன. உயிருள்ள மானோ கொக்கோ அத்தனை நேரம் அசையாமல் நிற்பதில்லை. எனவே வேல்சு நாட்டு ஒளிப்படக் கலைஞர் ஜான் தில்வின் லூவலின் 1850களில் ஒரு வழி கண்டார். பாடம் செய்யப்பட்ட மானையும் நாரையையும் தம் தோட்டத்து மரங்களிடையிலும் நீர்நிலையோரத்திலும் நிறுத்திப் படமெடுத்தார். அப்படங்களைக் காண்போர் அவற்றை உயிருள்ளவை என்றே எண்ணுவர். ஒளிப்படக் கலையும் பாடம் செய்யும் கலையும் இவ்வாறு தொடக்கத்திலேயே நட்புக் கொண்டன.

நூறாண்டுகளுக்கு மேல் கடந்தபின் ஜப்பானியக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ இந்நட்பைப் புதுப்பித்தார். 1974இல் நியூயார்க்கில் குடியேறிய அவர், ஏக்லியின் மண்டபம் அமைந்த அதே அருங்காட்சியகத்துக்குச் சென்றார. பின்புறம் ஓவியத் திரையும் முன்புறம் பாடவிலங்குகளுமாக அமைந்த காட்சிப் பெட்டிகள் செயற்கையானவை என்பது அவருக்குத் தெளிவாகவே தெரிந்தது. ஆயினும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தபோது அக்காட்சி உண்மையானது போலத் தோன்றியது.

இதற்குக் காரணம் உண்டு. இரு கண்களும் சற்று வேறுபட்ட இரு காட்சிகளைக் காண்கின்றன. மூளை அவற்றை இணைத்து ஆழத்தை அறிகிறது. ஒரு கண்ணை மூடினால் அவ்வாழ உணர்வு பெரிதும் குறைந்துவிடுகிறது. அப்போது ஓவியத்தில் உள்ள மலைக்கும் அதன்முன் நிற்கும் விலங்குக்கும் இடையிலான எல்லை மறைகிறது. ஒளிப்படக்கருவிக்கும் கண் ஒன்றே. மேலும் கறுப்பு வெள்ளைப் படச்சுருள் வண்ண வேறுபாட்டையும் நீக்கிவிடுகிறது. 1976இல் சுகிமோட்டோ எடுத்த பனிக்கரடிப் படத்தைக் காண்போர், அவர் வடதுருவப் பனிவெளிக்கே சென்றாரோ என்று மயங்குவர். கண் கண்டதெல்லாம் மெய்யன்று என்பதை அப்படம் உரைக்கிறது.

இருண்ட மண்டபத்தில் ஒரு படம்

கைப்பேசியில் நொடிப்பொழுதில் படமெடுக்கும் இக்காலத்திலும் சிலர் படச்சுருளையே விரும்புகின்றனர். ஒரு சுருளில் பெரும்பாலும் 36 படங்களே எடுக்க இயலும். பெரிய அளவுச் சுருளில் 12 மட்டுமே. எனவே ஒவ்வொரு படத்துக்கும் முன்னர்க் கலைஞர் நெடுநேரம் பார்க்கவேண்டியுள்ளது. பலரும் பாராமல் கடந்த ஒரு பொருளை நின்று பார்க்குமாறு படச்சுருள் கட்டாயப்படுத்துகிறது.

அருங்காட்சியகத்தில் ஒளி குறைவு. வலிய ஒளி விலங்கின் மயிர் நிறத்தை வெளுக்கச் செய்யும் என்பதால் விளக்குகள் மங்கலாகவே இருக்கும். பளிச்சிடும் விளக்கைப் பயன்படுத்தினால் அதன் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பிப் படத்தைக் கெடுக்கும். ஆதலால் கலைஞர், அனுமதி உள்ள இடங்களில், கருவியை முக்காலியில் பொருத்துகிறார். கண்ணாடியில் தம் உருவமே தெரியாதிருக்கக் கருந்துணியால் சுற்றி மறைக்கிறார். பிறகு ஒளிவாயிலைப் பல நொடிகள் திறந்து வைக்கிறார். நேரம் நீள நீளப் படச்சுருளின் உணர்திறன் குறைந்துகொண்டே போகும். எனவே பத்து நொடிகள் போதும் என்று அளவி காட்டினாலும், பலவகைச் சுருள்களுக்கு அதைவிடக் கூடுதல் நேரம் அளிக்கவேண்டும்.

படச்சுருளின் மேற்பூச்சில் வெள்ளியின் உப்புத் துகள்கள் உள்ளன. ஒளி பட்ட துகள்களில் கண்ணுக்குப் புலனாகாத மாற்றம் நிகழ்கிறது. இருட்டறையில் உருத்துலக்கும் கரைசலில் இடும்போது அத்துகள்கள் கரிய வெள்ளியாக மாறுகின்றன. ஒளி படாத துகள்களை நிலைப்படுத்தும் கரைசல் நீக்கிவிடுகிறது. இப்போது கிடைப்பது, வெளிச்சம் கறுப்பாகவும் இருள் வெளிறியும் தோன்றும் நெகட்டிவ் ஆகும். அதிலிருந்து தாளில் அச்சிடும்போது உண்மைத் தோற்றம் கிடைக்கிறது. தோலைப் பாடம் செய்வதற்கும் ஒளியைப் பாடம் செய்வதற்கும் வேதியியலே துணை.

படச்சுருளும் இன்று மறக்கப்பட்டுவரும் பொருளே. நீலகிரி மாவட்டம் உதகமண்டலத்தில் 1960இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் மைய அரசின் நிறுவனம் நிறுவப்பட்டது. ‘இந்து’ என்ற பெயரில் அது தயாரித்த கறுப்பு வெள்ளைச் சுருள்கள் நாடெங்கும் பயன்பட்டன. பழைய குடும்பப் படங்கள் பலவற்றுக்கு அச்சுருள்களே பிறப்பிடம். எண்ணிமக் கருவிகள் பெருகியபின் அவ்வாலையின் தேவை குறைந்தது. இன்று அது மூடப்பட்டுவிட்டது. மறக்கப்பட்ட விலங்கை, மறக்கப்படும் சுருளில் பதிவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

வேட்டைச் சின்னங்களின் வீழ்ச்சி

பாடவிலங்குகள் அருங்காட்சியகங்களில் மட்டும் இருந்தவை அல்ல. அரண்மனைகளிலும் மாளிகைகளிலும் புலித்தலைகளும் காட்டெருமைத் தலைகளும் சுவர்களை அலங்கரித்தன. அவற்றுள் மிகப் பலவற்றைச் செய்தளித்தது மைசூரில் இயங்கிய வான் இங்கன் குடும்பத்தாரின் தொழிற்கூடம். ஏறத்தாழ 1900இல் தொடங்கி 1999 வரை நிகழ்ந்த அத்தொழிலில், 43,000க்கும் மேற்பட்ட புலிகளும் சிறுத்தைகளும் பாடம் செய்யப்பட்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அத்தொழிலாளரின் கைத்திறன் போற்றத்தக்கது. ஆனால் அவ்வெண்ணிக்கை நெஞ்சை நடுங்கச் செய்வது.

1972இல் இயற்றப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்தது. பாதுகாக்கப்பட்ட விலங்கின் உடற்பகுதியை உரிமைச் சான்றின்றி வைத்திருப்பது குற்றமாயிற்று. அவற்றின் வணிகமும் தடுக்கப்பட்டது. பெருமைக்குரியவையாக இருந்த வேட்டைச் சின்னங்கள் மதிப்பிழந்தன. வரவேற்பறையிலிருந்து இறங்கிப் பொருளறையின் மூலைக்குச் சென்றன. மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2009இல் தொடங்கப்பட்ட மையம், கல்விக்காக விலங்குகளைப் பாடம் செய்கிறது. அங்கு வருபவை தாமாக இறந்த விலங்குகளே. பாடம் செய்வதற்காக எவ்விலங்கும் கொல்லப்படுவதில்லை.

இன்று பாடவிலங்குகளைப் படமெடுப்போர் இருவகையினர். சுகிமோட்டோவைப் போன்றோர் அவற்றை உயிருள்ளவை போலக் காட்டுகின்றனர். மற்றொரு சாரார் அவற்றைப் பழம்பொருளாகவே காட்டுகின்றனர். பிரிந்த தையல், உதிர்ந்த மயிர், ஒடிந்த காது, தூசி படிந்த கண்ணாடி விழி, எழுத்து மங்கிய பெயர்ச்சீட்டு ஆகியன இவர்களின் படங்களில் மறைக்கப்படுவதில்லை. முதல்வகைப் படம் கண்ணை மயக்குகிறது. இரண்டாம்வகைப் படமோ, இவ்விலங்கைக் கொன்றவர் யார், செய்தவர் யார், மறந்தவர் யார் என்று வினவுகிறது.

தோல் தருவதும் படம் தருவதும்

படம் எடுத்துவிட்டால் பழைய தோலை எறிந்துவிடலாமா? இவ்வினாவுக்குக் குவாகா என்னும் விலங்கின் வரலாறு விடை தருகிறது. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த குவாகா, முன்பாதியில் மட்டும் வரிகளை உடைய வரிக்குதிரை. வேட்டையால் அதன் இனம் அழிந்தது. கடைசிக் குவாகா 1883இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. உயிருடன் படமெடுக்கப்பட்ட குவாகா உலகில் ஒன்றே. அது இலண்டன் காட்சிசாலையில் இருந்த பெண் குவாகா. அது நின்ற நிலையையும் அதன் வரிகளையும் அப்படங்களே காட்டுகின்றன.

ஆனால் 1984இல் நிகழ்ந்தது படத்தால் இயலாத ஒன்று. அருங்காட்சியகத்தில் இருந்த பழைய குவாகாத் தோலில் ஒட்டியிருந்த உலர்ந்த தசையிலிருந்து அறிவியலறிஞர் மரபணுப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அழிந்துபோன ஓர் இனத்தின் மரபணு வரிசை படிக்கப்பட்டது அதுவே முதன்முறை. குவாகா வரிக்குதிரைக்கு நெருங்கிய உறவினம் என்பது அதனால் உறுதியாயிற்று. தோல் தருவதைப் படம் தராது. படம் தருவதைத் தோல் தராது. இரண்டும் வேண்டும்.

தீ எரித்தபின் எஞ்சுவது

தோலும் நிலையானதன்று. புகழ்பெற்ற ‘ஜம்போ’ யானை 1885இல் கனடாவில் தொடர்வண்டி மோதி இறந்தது. அதைப் பாடம் செய்தவருள் இளைஞரான ஏக்லியும் ஒருவர். பின்னர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் வைக்கப்பட்ட அப்பேருருவம் 1975இல் தீக்கிரையானது. அதன் சாம்பலில் ஒரு பகுதி, நிலக்கடலை வெண்ணெய் அடைத்த சிறு புட்டி ஒன்றில் சேமிக்கப்பட்டது. மலைபோல் நின்றது ஒரு புட்டிக்குள் அடங்கிவிட்டது. இன்று ஜம்போவின் உருவைக் காட்டுபவை பழைய ஒளிப்படங்களே.

தில்லி மண்டி ஹவுஸ் பகுதியில் இருந்த தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் இத்தகைய முடிவையே அடைந்தது. 1978ஆம் ஆண்டு சூன் 5ஆம் நாள் திறக்கப்பட்ட அதில், தில்லிப் பள்ளிகளின் பல தலைமுறை மாணவர் பாடவிலங்குகளின் முன் நின்று இயற்கையைக் கற்றனர். 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் விடியுமுன் மூண்ட தீயில் அதன் காட்சிக்கூடங்கள் எரிந்தழிந்தன. முந்தைய நாள் வரை அங்கிருந்த புலியை மறுநாள் காண இயலவில்லை. அதைப் பார்த்தவரின் நினைவும், எவரேனும் எடுத்து வைத்த படமுமே மிஞ்சின.

பிரேசிலின் இரியோ டி செனிரோ நகரில் 1818இல் நிறுவப்பட்ட தேசிய அருங்காட்சியகம் 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் எரிந்தது. அப்போது அந்நகரின் அருங்காட்சியகவியல் மாணவர் ஒரு வேண்டுகோள் விடுத்தனர். அங்கே முன்பு எடுத்த படங்களை, விளையாட்டாகத் தம்மைத் தாமே எடுத்துக்கொண்டவற்றையும் சேர்த்து, அனுப்புமாறு மக்களைக் கேட்டனர். மக்களும் அனுப்பினர். எவருக்கும் பயன்படாது என்று எண்ணப்பட்ட படங்கள் இழந்த பொருள்களின் சான்றுகளாயின.

முடிவுரை

பாடவிலங்கு ஒருமுறை இறந்துவிட்டது. பார்ப்பாரின்றி மறக்கப்படும்போது அது இரண்டாம் முறை இறக்கிறது. முதல் இறப்பைத் தடுக்க இன்று எவராலும் இயலாது. இரண்டாம் இறப்பைத் தடுக்க ஒரு மாணவராலும் இயலும். பெட்டியின் முன் சற்று நின்று, பெயர்ச்சீட்டைப் படித்து, விலங்கு எந்தக் காட்டிலிருந்து எந்த ஆண்டில் வந்தது என்று குறித்துக்கொண்டு, அனுமதி இருப்பின் பளிச்சொளி இல்லாமல் ஒரு படம் எடுத்தால் அதுவே போதும். படத்தின் பின்புறம் நாளும் இடமும் எழுதுதல் இன்றியமையாதது. பெயரும் நாளும் இல்லாத படம், சில ஆண்டுகளில் தானும் ஒரு மறக்கப்பட்ட பொருளாகிவிடும்.

சொற்பொருள்

பாடவிலங்கு – பாடம் செய்யப்பட்ட விலங்கு
அரித்தல் – சிறிது சிறிதாகத் தின்று கெடுத்தல்
உள்ளுரு – தோலுக்குள் வைக்கப்படும் வடிவம்
ஒளிவாயில் – கருவியினுள் ஒளியைச் செலுத்தும் திறப்பு
அளவி – அளந்து காட்டும் கருவி
எண்ணிமம் – டிஜிட்டல்
தீக்கிரையாதல் – தீயால் அழிதல்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. சென்னை மக்கள் அருங்காட்சியகத்தையும் உயிர்க்காட்சிசாலையையும் எவ்வாறு அழைத்தனர்?
2. பழைய பாடவிலங்குகளை வெறுங்கையால் தொடக்கூடாது என்பது ஏன்?
3. ஏக்லியின் மனமாற்றத்துக்குக் காரணம் யாது? அதனால் விளைந்த நன்மை யாது?
4. ‘தோல் தருவதைப் படம் தராது, படம் தருவதைத் தோல் தராது’ – குவாகாவின் வரலாற்றைக் கொண்டு விளக்குக.

ஆ. சொற்றொடரில் அமைத்து எழுதுக.
பாடம் செய்தல், பாடம் கற்பித்தல், இடம் பெயர்தல்

இ. செய்து பார்க்க.
வீட்டில் உள்ள பழைய ஒளிப்படம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க. அதில் இருப்போர் யாவர், எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்பனவற்றைத் தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் தமிழில் எழுதுக.